குட்டி யானையில் போய் பெரிய யானையைப் பார்த்தோம்!

கோலம், குழம்பு, குழந்தை படிப்பு என்று இந்தப் பகுதியில் எத்தனையோ விஷயம் படித்திருக்கிறேன். எழுத வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி 15 வருஷம் ஆகிறது. இந்த 15 வருஷத்தில் ஊருக்கே போனதில்லை என்று சொல்ல மாட்டேன். பழனி, மேல்மருவத்தூர், ராமேஸ்வரம் எல்லாம் போயிருக்கிறோம். ஆனால் வேன் நிறைய ஆட்களோடு! அத்தை, சின்ன மாமனார் குடும்பம், பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும். இடத்தைப் பார்த்ததைவிட, எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்களா என்று தலையை எண்ணியதுதான் அதிகம். நானும் அவரும் மட்டுமாக ஒரு நாள் எங்கேயும் போனது கிடையாது.

போன வருஷம் அந்த நாள் தானாக வந்தது. மேட்டுப்பாளையத்தில் என் நாத்தனார் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை. அத்தைக்கு மூட்டு வலி. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்கள். என்னவர் சொந்தமாக ஒரு டாட்டா ஏஸ் வண்டி ஓட்டுகிறார். குட்டி யானை என்று ஊரே கூப்பிடுமே, அதுதான். சீர் பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் அதிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம்.

விசேஷம் முடிந்த அன்று ராத்திரி அண்ணிதான் ஆரம்பித்தார்கள். "ஏண்டா, இவ்ளோ தூரம் வந்துட்டு அவள ஊட்டிப் பக்கம்கூட கூட்டிட்டுப் போகலன்னா எப்படி? நாளைக்கு ஒரு நாள் சுத்திக் காமிச்சிட்டு வா." என்னவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஊட்டி வேணாம்க்கா. முதுமலை போயிட்டு வர்றோம்" என்றார். ஏன் முதுமலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. யானை பார்க்கத்தான் போலிருக்கு என்று நினைத்துக் கொண்டேன்.

அண்ணி பையன் போனிலேயே இ-பாஸ் எடுத்துக் கொடுத்தான். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் போக இந்த இ-பாஸ் கட்டாயம். கோர்ட் உத்தரவு. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போனால் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக் கொள்வார்கள் என்றும் சொன்னான். அதனால் எவர்சில்வர் தூக்கில் தண்ணீர், வாழை இலையில் கட்டிய புளிசாதம், துணிப் பையில் முறுக்கு என்று என் பாட்டி காலத்து முறையில் கட்டு கட்டினேன். எவ்வளவு சுலபம்! குப்பையே இல்லை.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். வண்டியின் முன்பக்கம் இரண்டே சீட்டு. நான் அந்த சீட்டில் உட்கார்ந்ததே நாலைந்து தடவைதான் இருக்கும். டேஷ்போர்டில் ஒரு சின்ன பிள்ளையார், ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம், லோடு இறக்கிய ரசீதுகள், எங்கள் மகள் ஒண்ணாம் வகுப்பில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை அவர் அங்கே ஒட்டி வைத்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குன்னூர் வழியாக ஏறி ஊட்டி போனபோது லேசாக வெளிச்சம் வந்துவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு கூடலூர் ரோட்டைப் பிடித்தோம். பைக்காரா, நடுவட்டம் என்று வரிசையாக வந்தது. நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் சின்கோனா மரம் வளர்த்தார்களாம். அந்தப் பட்டையிலிருந்துதான் மலேரியா காய்ச்சலுக்கான கொய்னா மருந்து எடுப்பது. அங்கே சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்த ஜெயில் கட்டடம்கூட இருக்கிறது. இறங்கிப் பார்க்கலாமா என்றேன். "யானைக்குச் சாப்பாடு போடற நேரம் தவறிடும், வா புள்ள" என்றார். கூடலூர் இறக்கத்தில் மூடுபனி கையில் பிடிக்கலாம் போல இருந்தது.

கூடலூர் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் காடு ஆரம்பித்துவிடுகிறது. முதுமலை என்றால் பழமையான மலை என்று அர்த்தம். 1940-லேயே சரணாலயமாக அறிவித்தார்கள். தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம் இதுதான் என்கிறார்கள். 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. இந்தப் பக்கம் நம் முதுமலை, அந்தப் பக்கம் கர்நாடகாவின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளாவின் வயநாடு. மூன்று மாநிலத்துக் காடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை ஏது!

எங்கள் ஆத்தூர் பக்கமும் ஆனைவாரி என்று ஒரு இடம் உண்டு. முட்டல் ஏரிக்கு மேலே அருவி. பேரில்தான் ஆனை இருக்கிறதே தவிர நான் பிறந்ததிலிருந்து அங்கே ஒரு ஆனையைப் பார்த்ததில்லை. அதனால் தெப்பக்காடு முகாமில் வரிசையாக நின்ற யானைகளைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிவிட்டேன்!

நாங்கள் போனபோது காலைச் சாப்பாடு நடந்து கொண்டிருந்தது. இன்னும் கால் மணி தாமதமாகியிருந்தால் தவற விட்டிருப்போம். ராகிக் களி, சோறு, கொள்ளு, வெல்லம், உப்பு, தேங்காய் எல்லாம் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, பாகன்கள் யானை வாயிலேயே வைக்கிறார்கள். எல்லா யானைக்கும் ஒரே சாப்பாடு இல்லை. வயசு, எடை, உடம்புக்கு என்ன கோளாறு என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல், மகனுக்குக் காரம் இல்லாமல், மகளுக்கு வெங்காயம் இல்லாமல் என்று நாம் சமைக்கவில்லையா? நம்மைப் போலத்தான் அந்தப் பாகன் வீட்டுப் பெண்களும்.

சொல்லப்போனால் இந்த முகாம் ஒரு பெண்ணால்தான் உலகத்துக்கே தெரிந்தது. பொம்மன், பெள்ளி என்ற தம்பதி தாயில்லாத யானைக் குட்டிகள் ரகுவையும் அம்முவையும் வளர்த்த கதையைக் கார்த்திகி கொன்சால்வஸ் என்ற பெண் படமாக எடுத்தார். 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' என்ற அந்தக் குறும்படத்துக்கு 2023-ல் ஆஸ்கர் கிடைத்தது. அதே வருஷம் தமிழக அரசு பெள்ளியை முதல் பெண் காவடியாக நியமித்தது. காவடி என்றால் பாகனுக்கு உதவியாளர். யானையைக் குளிப்பாட்டுவது, தீனி கொடுப்பது, காவல் காப்பது எல்லாம் காவடி வேலை. அந்த வேலையைப் பெள்ளி எத்தனையோ வருஷமாகச் செய்து கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆஸ்கர் வந்த பிறகுதான் அதற்கு ஒரு பதவிப் பேர் கிடைத்தது. வீட்டு வேலைக்குப் பேர் வைக்கச் சொன்னால் நமக்கெல்லாம் என்ன பதவி கொடுப்பார்களோ!

முகாமை விட்டு வெளியே வந்ததும், மசினகுடிக்குத் திரும்ப வேண்டிய வண்டியை என்னவர் மைசூர் ரோட்டில் விட்டார். "எங்கங்க போறோம்?" என்றேன். "கக்கநல்லா செக்போஸ்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அந்த ரோடு அவ்வளவு அழகு! ரெண்டு பக்கமும் தேக்கு, மூங்கில். புள்ளிமான் கூட்டம் ரோட்டோரத்திலேயே ஆட்டு மந்தை மாதிரி மேய்கிறது. ஒரு மயில். தூரத்தில் காட்டுமாடு, காலில் வெள்ளை சாக்ஸ் போட்டது போல நின்றது. நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக் கொண்டே வந்தேன். அவர் மட்டும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். ஒரு வளைவில் வேகத்தை இன்னும் குறைத்தார். "இங்கதான்" என்றார்.

"என்னங்க இங்க?"

அப்போதுதான் சொன்னார். தோழிகளே, 15 வருஷத்தில் இந்த மனுஷர் என்னிடம் சொல்லாத கதை அது.

2007-ல் அவருக்கு 22 வயசு. எங்களுக்குக் கல்யாணம் ஆகாத காலம். ஆத்தூர் பக்கம் ஓடிய ஒரு லாரியில் கிளீனராக இருந்தார். கூடலூர் கடைகளுக்கு ஜவ்வரிசியும் மாவும் இறக்கிவிட்டு, குண்டல்பேட்டையில் காய்கறி ஏற்றப் போவார்களாம். அப்போதெல்லாம் இந்தக் காட்டு ரோட்டில் ராத்திரி முழுக்க லாரி ஓடும். விடிவதற்குள் லோடு ஏற்ற வேண்டும் என்று பறப்பார்கள். ஒருநாள் நடுராத்திரி, இந்த வளைவில், ஒரு பெண் மான் குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் பிரேக் அடித்தும் நிற்கவில்லை.

"எறங்கிப் பாருடான்னார். எறங்கினேன். உசுரு இருந்துச்சு. கண்ணு திறந்தே இருந்துச்சு. லைட் வெளிச்சத்துல பளபளன்னு என்னையே பாத்துச்சு. ஓரமா இழுத்துப் போட்டுட்டு ஏறு, நேரமாச்சுன்னு டிரைவர் கத்தறார். நான் பின்னங்கால புடிச்சு இழுத்தேன். சூடா இருந்துச்சு புள்ள. வயிறு பெருசா இருந்துச்சு. சினை மான்னு நெனைக்கிறேன். ஓரமா போட்டுட்டு ஏறிட்டேன். நாங்க போறப்பவும் அது செத்துருக்காது."

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்த ரோட்டில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அபராதம். அன்றைக்கும் அந்த இடத்தில் நிற்காமல் போனார். இன்றைக்கும் நிற்காமல்தான் போக வேண்டியிருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கியர் மேல் இருந்த அவர் கை மேல் என் கையை வைத்தேன். அவ்வளவுதான்.

எனக்கு முதல் பிரசவம் ஆனபோது அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அடம் பிடித்தார். பயந்தாங்கொள்ளி என்று அம்மா வீட்டில் எல்லோரும் கேலி செய்தோம். ஏன் பயந்தார் என்று அன்றைக்கு அந்த வண்டியில்தான் எனக்குப் புரிந்தது.

செக்போஸ்ட்டில் திருப்பும்போது கொஞ்சம் சகஜமானார். "2009-ல இந்த ரோட்டுல ராத்திரி வண்டி ஓடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. ராத்திரி 9 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும். அப்ப எங்க ஆளுங்க எல்லாரும் திட்டினாங்க. லோடு லேட்டாகுது, சுத்திப் போகணும், டீசல் செலவுன்னு. நான் மட்டும் வாயத் தொறக்கல" என்றார். அந்தத் தடையை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும், கேஸ் நடந்தும், இன்று வரை தடை இருக்கிறது. ஆம்புலன்ஸ், குறிப்பிட்ட சில பஸ்களுக்கு மட்டும்தான் விலக்கு. ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம் - திம்பம் ரோட்டிலும் 2022-லிருந்து ராத்திரிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. தக்காளி விலை ஏறும்போது நாம்கூட லாரிக்காரர்களைத் திட்டுவோம். ஒரு காய்கறி ராத்திரியோடு ராத்திரியாக நம் வீட்டுக்கு வருவதற்கு வழியில் என்னவெல்லாம் நடக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

திரும்பி தெப்பக்காடு வந்து மசினகுடி ரோட்டில் போனோம். அங்கேதான் இன்னொன்று நடந்தது. திடீரென்று முன்னால் போன ஜீப் நின்றது. இடது பக்கம் புதரிலிருந்து மூன்று பெரிய யானை, நடுவில் ஒரு குட்டி. முகாம் யானை இல்லை, காட்டு யானை! என்னவர் தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டார். ஹாரன் இல்லை, பேச்சில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பின்னால் வந்த கார்க்காரர் பாம், பாம் என்று ஹாரன் அடித்தார். என்னவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறுங்க என்று சைகை காட்டினார். நல்லவேளை, அவரும் நிறுத்திக் கொண்டார்.

குட்டி ரோட்டு நடுவில் நின்று தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது! தாய் பின்னாலிருந்து லேசாக ஒரு தள்ளு தள்ளியது. ஸ்கூலுக்குப் போக அழும் பிள்ளையை நாம் தள்ளுவது போலவே! எல்லாம் கடந்து போக ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டிருந்தார். கடைசி யானை மறைந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். "போயிடுச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வருஷத்துப் பாரம் இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

மசினகுடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கூட்டம் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டுக் கொண்டிருந்தது. ஒரு அம்மா தன் பிள்ளை கையிலேயே பாக்கெட்டைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து பொறுமையாகச் சொன்னார்: "நீங்க பாசத்துலதாம்மா போடறீங்க. அது ருசி கண்டு ரோட்டுக்கே வந்து உக்காந்துக்கும். அப்புறம் வண்டியில அடிபட்டுச் சாகும். பாக்கெட்ட மானும் யானையும் முழுங்கிடும்." அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது. நானும் முதல் நாள் வரைக்கும் குரங்குக்கு வாழைப்பழம் போட்டால் புண்ணியம் என்று நினைத்தவள்தான்.

அவரிடமே இன்னொன்றும் தெரிந்து கொண்டேன். வழியெல்லாம் ஆரஞ்சும் ரோஸுமாகச் சின்னச் சின்னப் பூ பூத்த புதரைப் பார்த்து, "வீட்டுல வெக்க ஒரு கிளை கெடைக்குமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அது உண்ணிச்செடி. வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, காடெல்லாம் பரவிப் புல்லையே முளைக்க விடாமல் செய்துவிட்டதாம். மான் அதைத் தின்னாது. புல் இல்லாவிட்டால் மான் எங்கே போகும்? ரோட்டோரத்துப் புல்லுக்கு வரும். மஞ்சள் கொன்றை மாதிரி ஒரு வெளிநாட்டு மரமும் அப்படித்தானாம். அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். நம் வயலில் பார்த்தீனியம் வந்த கதைதான்!

மசினகுடியில் புளிசாதத்தைச் சாப்பிட்டோம். பிறகு கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவு! விபத்து அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை. ஏற மட்டும்தான் அனுமதி. நான் போர்டைப் பார்த்து ஒவ்வொரு வளைவாக எண்ண, குட்டி யானை முக்கி முனகி ஏறியது. கீழே மாயாறு பாயும் காடு பச்சைப் பாய் விரித்தது போலத் தெரிந்தது. இந்த மாயாறுதான் பவானியில் சேர்ந்து, பவானி காவிரியில் சேர்கிறது. ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் நாம் முழுக்குப் போடும் தண்ணீரில் இந்தக் காட்டு மழையும் இருக்கிறது என்று நினைத்தபோது, என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இருட்டும் நேரத்தில் அண்ணி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். டீசல், டீ, முகாம் டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு சேலைக் காசு. இது அந்தச் சேலையைவிட அதிக நாள் உழைக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகள் சூழ்ந்து கொண்டார்கள். நான் யானைக் கதை சொன்னேன். மான் கதையை நான் சொல்லவில்லை. அது அவருடையது. ஆனால் ஒரு வாரம் கழித்து, எங்கள் மகன் "எனக்கு 18 வயசானா பைக்ல நூறுல போவேன்" என்று பீற்றிக் கொண்டபோது, அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். பையன் பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தான். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பெற்ற தாய்க்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

தோழிகளே, நீங்களும் போவதென்றால் என் அனுபவத்தில் நாலு வார்த்தை. இ-பாஸை முன்னாலேயே எடுத்துக் கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கே வேண்டாம், தூக்குச் சட்டி போதும். காட்டு ரோட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், இறங்காதீர்கள், எதற்கும் தீனி போடாதீர்கள். யானை குறுக்கே வந்தால் தள்ளி நின்று சத்தம் போடாமல் இருங்கள். அது போகட்டும், பிறகு நாம் போகலாம். சாயங்காலத்துக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. முதுமலைக்கே போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஏரிக்கரைக்காவது வருஷத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரரோடு தனியாகப் போய் வாருங்கள். பிள்ளைகளை ஒரு நாள் பாட்டி பார்த்துக் கொள்வார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து, அதிகம் கேள்வி கேட்காமல், ரோட்டைப் பார்த்துக் கொண்டே வாருங்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததை ஆம்பிளைகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் அவர் ராத்திரி லோடு போனால், "ஏன் லேட்டு?" என்று நான் போன் போட்டுக் கத்துவதில்லை. "மெதுவாவே வாங்க" என்கிறேன்.

- ஆத்தூர் வாசகி,
சேலம் மாவட்டம்.